பாதரசப் பாயில் கருவி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக நான் கையாண்டு வரும் பழைய கருவிகளுள், காற்றின் அழுத்தத்துக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை அளக்கும் பாதரசப் பாயில் கருவியும் ஒன்று. மரத்தாங்கியில் ஒரு மீட்டர் அளவுகோல், ஒரு பக்கம் மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாய், மறுபக்கம் ஏற்றி இறக்கத்தக்க திறந்த குழாய், இரண்டையும் அடியில் இணைக்கும் தடித்த ரப்பர்க் குழாய், இவ்வளவுதான் அமைப்பு. வெப்பநிலை மாறாதவரை அடைபட்ட காற்றின் அழுத்தம், பருமன் இரண்டின் பெருக்கற்பலன் மாறாது என்பதே பாயில் விதி. அதற்கான முடிவுகளை 1662-இல் வெளியிட்ட விஞ்ஞானி ராபர்ட் பாயில், காற்றை அழுத்துவதற்கு 'ஜே' வடிவக் குழாயில் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இதிலோ திறந்த குழாயை ஏற்றினால் போதும்; கீழே இறக்கினால் வளிமண்டல அழுத்தத்துக்குக் குறைவான அளவீடுகளும் கிடைத்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பாரமானி இல்லாமலேயே வளிமண்டல அழுத்தத்தைக் கண்டுகொள்ள முடிவதுதான். இரு பாதரச மட்டங்களின் வேறுபாட்டை நிலை அச்சிலும் பருமனின் தலைகீழியை (1/பருமன்) கிடை அச்சிலும் குறித்தால் வரும் நேர்கோட்டைக் கீழ்நோக்கி நீட்டும்போது, அது நிலை அச்சை வெட்டும் ஆழமே அன்றைய வளிமண்டல அழுத்தம். காற்று எண்ணெயை அழுத்தி, வட்டமுக அழுத்தமானியில் அளவைக் காட்டும் புதிய கருவியில் வேலை விரைவாக முடிகிறது. ஆனால் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பது மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொறுமை இல்லாதவர்களுக்கு இக்கருவி ஒத்துவராது. குழாயை ஏற்றியதும் அழுந்திய காற்று சற்றே சூடாவதால், அது அறை வெப்பநிலைக்குத் திரும்பும்வரை காத்திருந்த பிறகே மட்டத்தைப் படிக்க வேண்டும். மூடிய முனை உருண்டு குவிந்திருந்தால், அளவுகோல் காட்டும் நீளத்துக்கு உரிய பருமன் உள்ளே இராது. காற்றுத் தம்பம் நீளமாக உள்ளவரை இது வெளிப்படாவிட்டாலும், தம்பம் குறுகக் குறுக அழுத்தம், பருமன் இரண்டின் பெருக்கற்பலன் மெல்ல ஏறத் தொடங்கும். மாறாக அது இறங்கிக்கொண்டே போனால் காற்று எங்கோ கசிகிறது என்று பொருள். பாயிலின் அட்டவணையிலேயே 48 பங்கு காற்று 12 ஆகச் சுருங்கும்போது அழுத்தம் 29⅛ அங்குலப் பாதரச உயரத்திலிருந்து 117 9/16 அங்குலமாக உயர்கிறது. பெருக்கிப் பார்த்தால் 1398-க்கும் 1410¾-க்கும் இடையே ஒரு சதவீதம்கூட வேறுபாடு இல்லை.

குறை என்றால் கண்ணாடியைச் சொல்ல மாட்டேன், ரப்பரைத்தான் சொல்வேன். அதிலுள்ள கந்தகம் பாதரசத்தைக் கறுக்கச் செய்வதால், கறுப்புப் படலம் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மட்டத்தைச் சரியாகப் பார்க்க விடாது. பழைய குழாய் வெடித்து இணைப்பிலிருந்து நழுவினால் பாதரசம் முழுவதும் கொட்டிவிடும். அதன் ஆவி நச்சு என்பதால், விளிம்பு உயர்ந்த தட்டின்மேல் வைத்து, காற்றோட்டமுள்ள அறையில் மட்டுமே இதைப் பயன்படுத்துகிறோம்.

பாயில் விதியிலிருந்து காற்று விலகுவதை இதில் காண முடியாது. ஒன்றரை வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இது எட்டாது. அதைவிட மிக உயர்ந்த அழுத்தங்களை நேரடியாகப் பாதரசத் தம்பத்தால் அளக்க விரும்பிய பிரெஞ்சு இயற்பியலாளர் கேய்யதே, 1891-இல் ஈபில் கோபுரத்தின் உயரத்தையே பயன்படுத்தி, சுமார் 400 வளிமண்டல அழுத்தம்வரை அளக்கும் 300 மீட்டர் பாதரச அழுத்தமானியை அமைத்தார்.