பையில் வரும் 'கேக்டஸ் கலவை': அப்படியே கொட்டலாமா?

'கேக்டஸ், சக்குலென்ட் செடிகளுக்கு' என்று அச்சிட்டு வரும் 5 லிட்டர் பையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி, நனைத்து, இறுக்கிப் பிழிந்து பாருங்கள். கையை விரித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். இந்த ரகப் பைகளில் பல உதிர்வதில்லை. விரல் தடம் மாறாமல், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே பெரும்பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) அல்லது பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), கொஞ்சம் நைஸ் மணல், பேருக்கு நாலு வெள்ளைப் பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கல்) மணிகள். சாதாரணத் தொட்டி மண்ணுக்குப் புதுச் சட்டை மாட்டியது போலத்தான்.

வீட்டுக்குள் வளரும் யுஃபோர்பியா ட்ரைகோனாவை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு. பார்க்க கேக்டஸ் போல இருந்தாலும் இது நம் சதுரக்கள்ளிக்குத்தான் பங்காளி. கேக்டஸில் முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு போன்ற சின்ன மெத்தை இருக்கும். இதில் அது கிடையாது. தண்டின் விளிம்பில் முள் இரண்டிரண்டாக நிற்கும், பக்கத்திலேயே குட்டி இலை துளிர்க்கும், கீறினால் பால் வடியும். வளரும் பருவத்தில் கேக்டஸைவிடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். ஆனால் ஈரம் தங்கினால், அதுவும் குளிர்ந்த ஈரம் தங்கினால், வேர் அழுகிவிடும்.

கோகோபீட்டின் குறை ஈரத்தைப் பிடித்து வைப்பது. பீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மண்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடித்துளையில் சொட்டும். தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்போம், நடுவில் வேர் வறண்டு கிடக்கும். இப்படி ஆகிவிட்டால் தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்து ஊற வைத்தபின் முழுக்க வடிய விட வேண்டும்.

ஆக, பையில் இருப்பது பாதிப் பொருள். ஒரு பங்கு கலவைக்கு ஒரு பங்கு பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) சேருங்கள், மணி 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். வெயில் குறைந்த அறை என்றால் பியூமிஸ் ஒன்றரைப் பங்கு. பெர்லைட்டும் ஆகும், ஆனால் எடையே இல்லாததால் தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வரும். ட்ரைகோனா தலைக்கனம் பிடித்த செடி. அடியில் எடை இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். பியூமிஸோடு மண்தொட்டியும் சேர்ந்தால் நல்லது. பெர்லைட்தான் கிடைக்கிறது என்றால் நனைத்துவிட்டுக் கலக்குங்கள், தூசி மூக்கில் ஏறாது. நைஸ் மணல் மட்டும் வேண்டாம். இடைவெளிகளை அடைத்து, காற்று புகாமல் செய்துவிடும். அடியில் சரளை பரப்பினால் நன்றாக வடியும் என்பதும் தப்பு; நுண்மண்ணிலிருந்து தண்ணீர் எளிதில் சரளைக்குள் இறங்காது, அதற்கு மேலேயே தேங்கும்.

பையின் பின்புறம் 'வாரம் ஒருமுறை தண்ணீர்' என்று போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரக்கறையோ ஒட்டிய மண்ணோ இல்லாமல் வந்தால் ஊற்றலாம். மாற்றி நடும்போது பழைய தொட்டியைவிட 2–3 சென்டிமீட்டர் அகலம் கூடினால் போதும். நட்டதும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். அறுந்த வேர்முனை ஆறட்டும். பையிலேயே உரம் கலந்திருந்தால் முதல் சில மாதங்களுக்குத் தனி உரம் தேவையில்லை.

கலவையை மாற்றாமல் நட்டு, தண்டின் அடி பழுப்பானால் பதறுவதற்கு முன் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, மரப்பட்டை போல இருந்தால் அது வயதின் தடம், விட்டுவிடலாம். அமுங்கினால் அழுகல். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வெட்டுவாயில் பழுப்பு வளையம் சிறிதும் தெரியாத உயரம் வரை கத்தியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேலே மிஞ்சிய நல்ல துண்டின் பாலைத் தண்ணீர் தெளித்து நிறுத்தி, நிழலில் பத்து நாள் உலரவிட்டு, காய்ந்த கலவையில் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, குச்சி கொடுத்துக் கட்டுங்கள். அழுகிய தொட்டியின் மண்ணை அதற்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.