எஸ்இஓ ஃப்ரீலான்சருக்குக் கட்டுப்படியாகும் கட்டண முறை எது?

தனியாளாக எஸ்இஓ (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) ஆலோசனை செய்பவர்கள் கட்டணம் பேசும் வழிகள் நான்கு: மணிக்கணக்கு, வேலைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை, மாதக் கட்டணம், ரேங்க் வந்தால் காசு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆடிட்டை, அதாவது தளத்தின் குறைகளை முழுதாக ஆராய்வதை, மொத்தத் தொகைக்குப் பேசுங்கள், அதற்குப் பிறகான வேலையை ஆறு மாத ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்துக்குப் பேசுங்கள். கடைசி முறையைத் தொடவே வேண்டாம்.

எந்த முறையானாலும் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் 80,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும், டூல் சந்தா, இணையம், கணக்கர் செலவு 15,000 என்று வையுங்கள். மொத்தம் 95,000. மாதத்துக்கு 160 மணி நேரம் உழைத்தாலும் புரபோசல் எழுதுவது, பாக்கிக்கு அலைவது, புதிதாகப் படிப்பது எல்லாம் போக, பில் போட முடிவது பாதிதான். 95,000-ஐ 80-ஆல் வகுத்தால் சுமார் 1,200 ரூபாய். வருமான வரியையும் அந்த 80,000-இலிருந்துதான் கட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இந்த எண் உங்கள் கணக்குக்கு மட்டும். இதையே விலையாகச் சொன்னால் திறமைக்குத் தண்டனை ஆகிவிடும். கேனானிகல் டேக் (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது மூலப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) தவறை 20 நிமிடத்தில் கண்டுபிடிப்பவருக்கு 400 ரூபாய், ஆறு மணி நேரம் தேடுபவருக்கு 7,200 ரூபாய் என்றால் என்ன நியாயம்? டெவலப்பருக்குச் சந்தேகம் தீர்ப்பது, டொமைன் மாற்றும் நாளில் கூட இருப்பது போன்ற அளவு தெரியாத வேலைகளுக்கு மட்டும் மணிக்கணக்கு சரி.

ஆடிட்டுக்கு மொத்தத் தொகைதான் பொருத்தம். 1,800 பக்கங்கள் உள்ள ஒரு பம்ப்செட் விற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். தளத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பட்டியலிடும் (கிரால்) மென்பொருளான ஸ்க்ரீமிங் ஃப்ராக்கின் இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும், லைசென்ஸ் வேண்டும். கிரால் ஓட்டிப் பிரித்துப் பார்க்க 4 மணி, சர்ச் கன்சோல் (தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி) தரவுக்கு 3, இண்டெக்ஸ் ஆகாத, அதாவது கூகுளின் பட்டியலில் சேராத, பக்கங்களின் காரணம் பார்க்க 3, டெம்ப்ளேட் வாரியாகப் பக்கங்களைப் படிக்க 6, அறிக்கைக்கு 6, விளக்கும் கூட்டங்களுக்கு 2. ஆக 24 மணி நேரம், 28,800 ரூபாய். 20 சதவீதம் கூட்டி 35,000 என்று சொல்லுங்கள்.

அந்த 20 சதவீதம் பேராசையல்ல. சர்ச் கன்சோலின் உரிமை எப்போதோ வேலையை விட்டுப்போன டெவலப்பரின் ஜிமெயிலில் இருக்கும், அதை மீட்கவே ஒரு வாரம் ஓடிவிடும். அதனால் கெடு, அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்று எழுதுங்கள். எத்தனை முகவரிகள் வரை, எத்தனை திருத்தம், திருத்தங்களைத் தளத்தில் செய்வது யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் "அப்படியே பிளாக் பக்கமும் பார்த்துடுங்களேன்" என்று தொடங்கி வேலை இரட்டிப்பாகும்.

மாதக் கட்டணம் உடைவது பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில். எஸ்இஓ பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுளே சொல்கிறது. அதை முதல் கூட்டத்தில் சொல்லாதவர் மூன்றாம் மாதத்தில் பதில் சொல்லத் திணறுவார். பரிந்துரைகள் டெவலப்பரின் வரிசையில் தூங்குவது அடுத்த காரணம். 20 மணி நேர ஒப்பந்தத்தில் 3 மணி நேரத்தை டெவலப்பரைப் பின்தொடரவே ஒதுக்குங்கள். மாதாந்திர அறிக்கையில் "சொன்னது, செய்யப்பட்டது, காத்திருப்பது" என்று மூன்று பத்திகள் போடுங்கள், யாரால் தாமதம் என்பது தானே தெரியும். பணம் மாத முதல் தேதியில் முன்பணமாக வர வேண்டும். மிச்சமான நேரம் அடுத்த ஒரு மாதம் மட்டும் செல்லும், விலக 30 நாள் அறிவிப்பு.

ரேங்க் வந்தால் காசு என்பது கேட்க நேர்மையாக இருக்கும். ஆனால் அளவுகோல் உங்கள் கையிலும் இல்லை, வாடிக்கையாளர் கையிலும் இல்லை. கூகுளின் 2024 மார்ச் கோர் அப்டேட் (தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்) பரவி முடிய 45 நாட்கள் ஆனது. அந்த ஒன்றரை மாத ஏற்ற இறக்கத்துக்கு யார் பில் போடுவது? 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வசதியைக் கூகுள் நிறுத்தியது. பல தளங்களின் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தோன்றிய எண்ணிக்கை) சரிந்தது, சராசரி இடமோ மேலே ஏறியது. தளத்தில் யாரும் எதையும் தொடவில்லை. முதலிடம் உறுதி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள் என்று கூகுள் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அப்படி உறுதி தருபவர் யாரும் தேடாத சொல்லைப் பிடித்து முதலிடம் காட்டிவிட்டுப் போவார், கெட்ட பெயர் இந்தத் தொழிலுக்கே வரும்.

வாடிக்கையாளர் விடாப்பிடியாகக் கேட்டால் 70 சதவீதத்தை நிலையான கட்டணமாக வைத்து, மீதியை போனஸாகப் பேசுங்கள். அளவுகோல், பிராண்ட் பெயர் இல்லாத தேடல்களின் கிளிக், போன வருட அதே மாதங்களோடு ஒப்பிட்டு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், ஒப்பந்தம் போட்ட அன்றே ஏற்றுமதி செய்துவிடுங்கள். அரிதான தேடல்களை அது மறைத்துவிடுவதால் கூட்டுத்தொகை இடிக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

விலைப்புள்ளியில் "ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டு சொல் விட்டுப்போனால், ஜிஎஸ்டி பதிவு உள்ளவரின் 35,000-இல் உண்மையான கட்டணம் 29,661 தான், 5,339 வரியாகப் போய்விடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்து வரியில்லாமல் பில் போடலாம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் வாடிக்கையாளர் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள்.