ரெண்டடித் தண்ணீரில் படகை நிறுத்த எது சரி: நங்கூரமா, பொத்தான் கழியா, கைக்கோலா?

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் ரெட்ஃபிஷ், ஸ்நூக் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு முழங்கால் முதல் இடுப்பளவுத் தண்ணீர்தான் களம். மீன் மேயும் இடம் தெரிந்துவிட்டாலும், தூண்டிலை வீசுவதற்குள் காற்று படகை அதன் தலைமேலேயே கொண்டுபோய் விட்டுவிடும். 16, 17 அடி ஸ்கிஃப் (ஆழமில்லாத் தண்ணீரில் ஓடும் சின்னப் படகு) வைத்திருப்பவர் இதற்கு எதை வாங்கலாம்?

கயிறும் சங்கிலியும் கட்டிய சாதாரண நங்கூரம் எப்படியும் படகில் இருக்கும். அது நன்றாகப் பிடிக்க, ஆழத்தோடு அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரத்தையும் கூட்டி, அதைப்போல ஏழு மடங்கு கயிறு விடச் சொல்வார்கள். 3 அடித் தண்ணீர், 2 அடி அணியம் என்றால் 35 அடி. காற்று திசை மாறும்போதெல்லாம் படகு அந்த நீளத்துக்கு வட்டமடிக்கும். குறிவைத்த பள்ளம் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். சங்கிலி தடதடவென்று இறங்கும் சத்தத்தில் மீனும் இருக்காது. இழுபட்டால் கடற்புல்லையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

பொத்தானை அழுத்தினால் இறங்கும் கழிகளில் ரெண்டு வகை பிரபலம். டாம்பாவிலிருந்து வரும் பவர்-போல், ஹைட்ராலிக் பம்பால் இயங்குவது. மடக்கிய கொக்குக் கால் மாதிரி படகின் பின்னால் விரிந்து தரையில் குத்தும். மின்கோட்டா நிறுவனத்தின் டாலன், மின்மோட்டாரில் நேராகக் கீழே இறங்கும். இதற்குப் பம்போ எண்ணெய்க் குழாயோ வேண்டாம், பின்னால் விரிய இடமும் வேண்டாம். ஆனால் மேலே தூக்கி நிறுத்திய நிலையில் கம்பம் மாதிரி நிற்பதால், ஈத்தூண்டில் வீசுபவரின் நூல் அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ரெண்டுக்குமே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

தனியாகப் போகிறவருக்கு இவை வரப்பிரசாதம், அதை மறுக்க முடியாது. கையில் மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் நிறுத்தலாம், கிளம்பலாம். பாஸ் மீன் பிடிக்கும் பெரிய படகுகளில் ரெண்டு ரெண்டாகப் பூட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று என்றால் காற்றில் படகு அதைச் சுற்றித் திரும்பும். சின்ன ஸ்கிஃபில் எனக்கு இடிப்பது எடைதான். என்ஜின், பெட்ரோல், பேட்டரி ஏற்கெனவே பின்பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. கழியும் பம்பும் சேர்ந்தால் பின்பக்கம் இன்னும் அமிழும். ஒரு சாண் தண்ணீரில் மிதக்கட்டும் என்று காசு கொடுத்து வாங்கிய படகு, அதை நிறுத்தும் கருவியாலேயே தரை தட்டுவதில் என்ன லாபம்?

அதனால் இந்த அளவுப் படகுக்கு என் ஓட்டு கைக்கோலுக்குத்தான். தலையில் பிடி வைத்த ஃபைபர்கிளாஸ் கோல். இருநூறு டாலருக்குள் கிடைக்கும். பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிப் படகைக் கட்டுவது போன்ற அதே வேலை. கோலின் தலை படகைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அழுத்திக் குத்தி, குட்டைக் கயிற்றால் கட்ட வேண்டும். அணியத்திலும் கட்டலாம், பின்னாலும் கட்டலாம். பின்பலகையில் பூட்டிய கழிக்கு அந்த வசதி கிடையாது. கயிற்றில் ஒரு மிதவை கோத்துவிட்டால், டார்பன் மாதிரிப் பெரிய மீன் மாட்டி ஓடும்போது கயிற்றை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டுத் துரத்தலாம், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

8 அடிக் கோல் 8 அடித் தண்ணீருக்கு ஆகாது. மண்ணுக்குள் ரெண்டடி, கட்டுவதற்கு மேலே ஓரடி போனால் மிச்சம் 5 அடி. குழைசேற்றில் இன்னும் குறையும். ஃபுளோரிடாவின் தென்கோடியில் கீஸ் தீவுகள் பக்கம் மண் மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறை. அங்கே கைக்கோல் இறங்காது, மோட்டார் கழியும் தடுமாறும். பலத்த காற்றில் ஒற்றை ஆளாகக் கோல் குத்துவதும் சிரமம்தான். இலேசான படகுகளுக்கென்றே பவர்-போல் விற்கும் மைக்ரோ என்ற சின்ன மின்கருவி, கழியைப் பிடித்துத் தரையில் இறக்கித் தரும். தனியாள் அதைப் பார்க்கலாம்.

ஜிபிஎஸ் பார்த்துப் படகைத் தானே நிறுத்தும் டிரோலிங் மோட்டாரை (படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின்மோட்டார்) இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஆழத்தில் அருமையான சாமான். ரெண்டடியில் அதன் விசிறி சேற்றைக் கலக்கிப் புல்லை வெட்டும்.

எதை வாங்கினாலும் நங்கூரத்தைக் கரையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஆழமான கால்வாயில் என்ஜின் நின்றால் அந்த ஆழத்துக்கு எந்தக் கழியும் எட்டாது. பின்பக்கம் கழியில் நிற்கும் படகின் முதுகில் அலை அடிக்கத் தொடங்கினாலும் தாழ்ந்த பின்பலகை வழியே தண்ணீர் ஏறும். உடனே கழியைத் தூக்கிவிட்டு, அணியத்திலிருந்து நங்கூரம் போட வேண்டும்.