8,700 கிலோமீற்றரும் மிச்சம் 140 உம்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானம் என்றால் பத்தரை, பதினொரு மணித்தியாலம். டோஹா, டுபாய் வழியாக வந்தால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் நடுவில் காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் பதினைந்து மணித்தியாலம் போய்விடும். இதெல்லாம் போனில் தட்டினால் வந்துவிடும். மலையகத்தில் ஹட்டன் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு அதற்கப்புறம் இருக்கிற 140 கிலோமீற்றர்தான் பெரிய கணக்கு.

நேரடி விமானத்தில் இரவு ஏறினால் மறுநாள் மதியம் போல இறங்கலாம். குடிவரவு வரிசை, பெட்டி, சிம் என்று முடித்து வெளியே வர பிற்பகல் இரண்டு மணி ஆகிவிடும். நாங்கள் வேன் பேசியபோது, "மூணு மணித்தியாலத்துல வீட்டுல இறக்கிடுவேன் சார்" என்றார்கள். மலைக்கு வேன் விடுகிறவர் இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். அவிசாவளைக்கு வருவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே டீ குடிக்கும்போது சித்தி போன்.

"எங்கப்பா வந்துட்டீங்க?"

"அவிசாவளை சித்தி."

"இன்னும் அவிசாவளையா! சோறெல்லாம் ஆறிப் போச்சு."

கித்துல்கல தாண்டியதும் ஏற்றம். கினிகத்தேனை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். முன்னால் லொறி போனால் அதன் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். வட்டவளையில் மிஸ்ட் இறங்கி, ரோட்டு நடுவில் இருக்கும் வெள்ளைக்கோடு கூடத் தெரியவில்லை. பின் சீட்டில் மகளுக்கு வாந்தி. டிரைவர் பேசாமல் ஒரு ஷொப்பிங் பேக்கையும் பாதி தேசிக்காயையும் பின்னால் நீட்டினார். அந்த மனுசன் தங்கம், குறை எல்லாம் அவருடைய முதலாளி மேல்தான். ஹட்டன் போய்ச் சேர ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். வானத்தில் மணிக்கு 800 கிலோமீற்றரில் வந்தவர்களுக்கு இங்கே 30 கூட இல்லை!

வீடு இருக்கிற தேயிலைத் தோட்டத்து ரோட்டில் வேன் இறங்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. டவுனில் ஆட்டோ பிடித்தோம். பெரிய பெட்டியை பின் சீட்டில் நிமிர்த்தி வைத்து, ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டி, குழி தெரியாமல் கொண்டுபோய் விட்டார் ஆட்டோத் தம்பி. கேட்ட காசும் நியாயம்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் போகிறவர்களுக்கு 2013இல் திறந்த மத்தளை விமான நிலையம் வரைபடத்தில் கிட்ட இருப்பதாகத்தான் தெரியும். ஆனால் லண்டனிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது, அதை மறந்துவிடலாம்.

மதியம் இறங்குகிறவர்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிவிட்டு விடியற்காலை புறப்படுவது நல்லது. சித்தி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. வேனுக்குப் பேசும்போது காத்திருப்புக் காசு, அதிவேகப் பாதைக் கட்டணம் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள், தோட்டம் வரை வருவார்களா என்பதையும் சேர்த்து. திரும்பும்போது பகல் விமானம் என்றால் ஹட்டனிலிருந்து விடியற்காலை 4 மணிக்கே கிளம்ப வேண்டும். மேற்கே போகையில் எதிர்க்காற்று, அதனால் பறக்கிற நேரமும் கொஞ்சம் கூடும்.