தண்ணீரால் கான்கிரீட் எடுக்க: கை லான்ஸா, ரோபோவா?

மும்பையில் உப்புக்காற்று தின்ற பார்க்கிங் ஸ்லாபைப் பழுதுபார்க்க, இடித்து உடைக்கும் பிரேக்கர் இயந்திரம் ஏன் வேண்டாம் என்பது தெரிந்த கதை. அதிர்ச்சி நல்ல கான்கிரீட்டிலும் மயிரிழை விரிசல் விடும், கம்பியையும் உலுக்கும், சிலிக்கா தூசி வேறு. உயர் அழுத்தத்தில் பாயும் தண்ணீர் நலிந்த கான்கிரீட்டை முதலில் கழற்றும், கம்பியின் துருவையும் கழுவிவிடும். தண்ணீர் என்று முடிவான பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது: ஆள் கையில் பிடித்து அடிக்கும் நீண்ட குழாயான லான்ஸா, ரிமோட்டில் ஓடும் ரோபோவா? தளப்பரப்புக்கு என் ஓட்டு ரோபோவுக்கு. வேகத்துக்காக அல்ல, பின்தள்ளலுக்காக.

பின்தள்ளும் விசையைக் கணக்கிடுவது எளிது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை, பார் என்ற அலகில் உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை 0.236 ஆல் பெருக்கினால் நியூட்டனில் விடை வரும். 1000 பாரில் 20 லிட்டர் என்றால் சுமார் 150 நியூட்டன், அதாவது 15 கிலோ. ரோபோ அதே அழுத்தத்தில் 150 லிட்டர் விட்டால் 110 கிலோவுக்கு மேல். அதை இயந்திரத்தின் எடை தாங்கிக்கொள்ளும்.

பம்பை 2500 பாருக்கு மாற்றி 12 லிட்டராகக் குறைத்தால் கையில் ஏறக்குறைய அதே 15 கிலோதான் தெரியும். ஆனால் தண்ணீரின் வேகம் வினாடிக்கு 450 மீட்டரிலிருந்து 700 மீட்டருக்கு ஏறியிருக்கும். கை உணர்வதை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது.

ஈரமான, ஜல்லி சிதறிய ஸ்லாபில் 15 கிலோ தள்ளலைத் தாங்கி நிற்பவருக்கு அரைமணிக்குள் தோள் விட்டுப்போகும். அப்போதுதான் கட்டுக்கம்பி வெளியே வரும், டிரிகரைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். டிரிகரை விட்டால் டம்ப் வால்வு திறந்து அழுத்தம் இறங்க வேண்டும் என்பதுதான் அந்த லான்ஸின் பாதுகாப்பே. கட்டிய டிரிகரோடு கால் வழுக்கினால் லான்ஸ் தரையில் பாம்பாகத் துள்ளும், முழு அழுத்தத்தில். அதனால் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாற்றம், டிரிகரிலிருந்து தண்ணீர் பாயும் முனையான நாசில் வரை குறைந்தது 4 அடி நீளம், ஹோஸ் இணைப்புகளில் விப்-செக் (இணைப்பு கழன்றாலும் ஹோஸ் துள்ளாமல் பிடிக்கும் கம்பிக்கயிறு), பம்பை நிறுத்துவதற்கென்றே ஒரு ஆள். சைகையை முன்பே பேசிவைக்க வேண்டும். காதடைப்பான் போட்ட பிறகு தமிழில் கத்தினாலும் இந்தியில் கத்தினாலும் ஒன்றுதான்.

மழைக்கோட்டு இந்த ஜெட்டைத் தடுக்காது. காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ரத்தம்கூட அதிகம் வராது. உள்ளே சதை கிழிந்து அழுக்குநீரும் கிருமியும் ஆழமாகப் போயிருக்கும். பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பக்கூடாது, உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுத்த அளவும் ‘உயர் அழுத்த நீர் பாய்ந்த காயம்’ என்ற குறிப்பும் எழுதிய அட்டை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

ரோபோவில் இந்த ஜெட் இரும்பு மூடிக்குள் ஓடும், ஆள் சில மீட்டர் தள்ளி நிற்பார். ஆபத்து தீர்ந்துவிடாது, இடம் மாறும். நாசில் மாற்றும்போது பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து, பம்பின் சாவியை நாசில் மாற்றுபவரே பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்லாப் ஓட்டையானால் ஜெட் கீழ்த்தளத்துக்குப் பாயும். அங்கே சொசைட்டியின் கார்களும் வாட்ச்மேன் நாற்காலியும் இருக்கும். கீழே காலி செய்து, முட்டு கொடுத்து, கயிறு கட்டாமல் தொடங்கக்கூடாது. ரோபோவின் எடையை இந்த நலிந்த ஸ்லாப் தாங்குமா என்று பொறியாளர் பார்த்திருக்க வேண்டும். ஸ்லாபுக்குள் இழுத்துப் பூட்டிய எஃகு வடமான போஸ்ட்-டென்ஷன் கேபிள் இருந்தால் அவர் இல்லாமல் தொடவே கூடாது. முதலில் நல்ல கான்கிரீட்டில் ஒரு சின்னப் பகுதியில் ஓட்டி அழுத்தத்தையும் நகரும் வேகத்தையும் அமைத்து, பிறகு நலிந்த பகுதியில் சரிபாருங்கள். வரிசை மாறினால் நல்லதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

தூண் மூலை, ரோபோ நுழையாத சந்து, கம்பிக்கு அடியில் மறைந்து நிற்கும் கான்கிரீட், இவை லான்ஸுக்கானவை. கூரையின் அடிப்பக்கத்துக்கும் கை வைத்த ரோபோக்கள் உண்டு. ஆனால் தாழ்ந்த பேஸ்மென்டில் அவை எந்த அளவுக்குக் கட்டுப்படியாகும் என்பதில் என் சாய்வு அத்தனை உறுதியாக இல்லை.

லான்ஸின் உண்மையான பலம் தண்ணீர்ச் செலவு. 150 லிட்டர் ரோபோ ஒரு மணிக்கு 9000 லிட்டர் குடிக்கும், கிட்டத்தட்ட ஒரு 10,000 லிட்டர் டேங்கர். லான்ஸுக்கு 1200 போதும். எடுக்கும் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கும், ஆனாலும் டேங்கர் தாமதித்தால் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். டேங்கர் நீரின் மண் நாசிலை அடைக்கும், ஆகவே ஃபில்டர் இல்லாமல் பம்புக்கு விடக்கூடாது.

வெளியேறும் நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் 12 வரை போகும். பொதுச் சாக்கடைக்கு 5.5 முதல் 9 வரைதான் அனுமதி, மிதக்கும் துகள் லிட்டருக்கு 600 மில்லிகிராம். தொட்டியில் படியவிட்டு, கார்பன் டையாக்சைடு செலுத்தி பிஎச்சை இறக்கிய பிறகே விட வேண்டும். மழைநீர் வடிகாலின் ஜாலிகளைப் பம்ப் போடுவதற்கு முன்பே மணல்மூட்டையால் அடையுங்கள். ரோபோ ஓட ஆரம்பித்த பத்து நிமிடத்தில் 1500 லிட்டர் சிமென்ட் பால் அந்தப் பக்கம்தான் ஓடும்.