முகாமில் காலை நீட்டிக் காட்டுகிறார்கள்: வளரும் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்

ஒரு கால் குட்டையாக இருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமல் கையாலேயே சரிசெய்து தருகிறோம் என்று கல்யாண மண்டபங்களில் இலவச முகாம் நடத்தும் ஒரு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர்கள் செய்கிற வேலையை விவரமாகச் சொல்லிவிட்டாலே போதும், எந்தப் பெயரில் எந்த ஊருக்கு வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். எங்களிடம் அவர்கள் வாங்கியது 45,000 ரூபாய்க்கும் மேல். என் மனம் ஆறாதது அந்தப் பணத்துக்காக அல்ல. என் மகளுக்கு முறையான சிகிச்சை செய்திருக்கக்கூடிய வயது, அவர்களுடைய மேசையில் படுத்தபடியே கடந்துபோனது.

மகளுக்குப் பத்தரை வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு முட்டிக்குச் சற்று மேலே உடைந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனாலும் கட்டுப் போட்ட மருத்துவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தார். ஓராண்டு கழித்துப் பள்ளிச் சீருடைப் பாவாடையின் விளிம்பு வலப்பக்கம் தாழ்ந்து தெரிய ஆரம்பித்தது. மறுபடியும் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தத் துண்டறிக்கை கைக்கு வந்தது. ‘கால் உயர வேறுபாடு, இடுப்பு விலகல், முதுகுவலி: கத்தியின்றி நிரந்தரத் தீர்வு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே, தங்கள் எண்ணெயைத் தடவினால் உயரமும் கூடும் என்று ஒரு வரி.

முகாமில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கால்கள் அளந்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்குமே வேறுபாடு இருப்பதாகச் சொன்னார்கள். முதுகுவலி என்று வந்த பாட்டிக்கும் இருந்தது, துணைக்கு வந்த இளைஞருக்கும் இருந்தது. இது எப்படி என்று பின்னால்தான் புரிந்தது. மனிதர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு கால்களும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வேறுபாட்டுடன் ஏராளமானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்து திரிகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஆகவே யாரைப் படுக்கவைத்து அளந்தாலும் ஏதாவது ஒரு வித்தியாசத்தைக் காட்டிவிடலாம். நோய் இல்லாதவர்களையும் நோயாளியாக்கும் அளவை அது.

அவர்களுடைய செய்முறையைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். பிள்ளையைச் செருப்போடு அல்லது ஷூவோடு மேசையில் மல்லாந்து படுக்கவைப்பார்கள். கால்மாட்டில் நிற்பவர் இரண்டு குதிகால்களையும் உள்ளங்கைகளில் ஏந்திச் சேர்த்துப் பிடிப்பார். ஷூவின் அடிப்பாகம் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் தெரியும். பெற்றோரைக் கூப்பிட்டுக் கட்டைவிரலால் அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டுவார். பிறகு இடுப்பில் இரண்டு அழுத்து, முட்டியை மடக்கி ஒரு சுழற்று, காலைப் பிடித்து ஒரு இழுப்பு. மீண்டும் குதிகால்களைச் சேர்ப்பார். இரண்டும் சமமாக இருக்கும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். எங்கள் முன்னால் அப்படித்தான் நடந்தது. அந்த நிமிடமே தொகுப்புக் கட்டணத்துக்கு ரசீது புத்தகம் வெளியே வந்தது.

முகாம் இலவசம். அதற்குப் பிறகு மையத்துக்கு வாரந்தோறும் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறுபாடு மீண்டும் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இழுத்துச் சரிசெய்வார்கள். ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், “உடம்பு பழைய பழக்கத்துக்குப் போகிறது அம்மா, இன்னும் சில அமர்வுகள் ஆனால் நின்றுவிடும்” என்பார். எண்ணெய் தனிக் காசு. ஷூவுக்குள் வைக்க ஒரு ஜோடி அட்டை, 3,500 ரூபாய். குட்டைக் காலுக்கு உயரம் கொடுக்க என்று சொல்லித்தான் தந்தார்கள். பின்னாளில் அந்த இரண்டு அட்டைகளையும் அடிக்குச்சியால் அளந்தேன். வலது குதியிலும் இடது குதியிலும் தடிமன் ஒன்றே. ஒரு காலை உயர்த்த வேண்டிய பொருளை இரண்டு காலுக்கும் ஒரே உயரத்தில் விற்றிருக்கிறார்கள்.

அவர்கள் செய்ததிலேயே மிகப் பெரிய கேடு வேறு. டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமே என்று கேட்டபோது, வயதுக்கு வரப்போகும் பெண் குழந்தைக்குக் கதிர்வீச்சு ஆகாது, எடுத்தால் எங்கள் சிகிச்சையும் பலிக்காது என்று தடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இதுதான் நடக்கும் என்று சொல்லி, காலில் வளையங்களும் கம்பிகளும் துளைத்திருக்கும் ஒரு சிறுவனின் படத்தைக் காட்டினார்கள். என் மகள் அன்று இரவு தூங்கவில்லை.

அந்தப் படத்தில் இருந்தது இலிசாரோவ் கருவி. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய காவ்ரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950-களில் உருவாக்கியது. எலும்பைக் கவனமாக வெட்டி, வெளியே பொருத்திய வளையங்களைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு முறை, விலக்கிக்கொண்டே போவார்கள். இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது. ஐந்து சென்டிமீட்டர் நீட்டவே ஐம்பது நாள் ஆகும். அந்தப் புது எலும்பு கெட்டிப்பட அதைவிடக் கூடுதலாகப் பல மாதங்கள் ஆகும். கடினமான சிகிச்சைதான், ஆனால் பெரிய வேறுபாடு உள்ளவர்களை நடக்கவைத்த சிகிச்சை. என் மகளுக்கு இருந்த அளவு வேறுபாட்டுக்கு அதை யாரும் பரிந்துரைக்கப்போவதே இல்லை. எங்களைப் பயமுறுத்தி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் வைத்திருக்க மட்டுமே அந்தப் படம் அவர்களுக்குப் பயன்பட்டது.

மகளுக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது சாய்ந்து நடப்பது தெருவில் போகிறவர்களுக்கே தெரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் செய்த பரிசோதனையைப் பார்த்த பிறகுதான் உண்மையான அளவை எது என்று எனக்குத் தெரிந்தது. படுக்கச் சொல்லவில்லை, வெறுங்காலோடு, முட்டிகள் நேராக, நிமிர்ந்து நிற்கச் சொன்னார். பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தார். வலது கை தாழ்ந்திருந்தது. அலமாரியிலிருந்து மெல்லிய மரப்பலகைகளை எடுத்து, வலது பாதத்தின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார். இடுப்பு மட்டமானதும் பலகைகளின் மொத்த உயரத்தை அளந்தார். இரண்டரை சென்டிமீட்டர். பிறகு இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே படத்தில் தெரியும்படி நின்ற நிலையில் எக்ஸ்ரே. எலும்பின் வயதைக் கணிக்க இடது மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே. அவ்வளவுதான். சில நூறு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

படத்தைக் காட்டி அவர் விளக்கினார். குழந்தைகளின் நீண்ட எலும்புகள் நடுவில் வளர்வதில்லை. நுனிகளுக்கு அருகிலுள்ள வளர்ச்சித் தகடுகளில் வளர்கின்றன. காலின் மொத்த வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், தொடை எலும்பின் முட்டிப்பக்கத் தகட்டிலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். என் மகளுக்கு முறிவு அந்தத் தகட்டின் ஊடாகவே போயிருக்கிறது. தகடு சேதமடைந்த இடத்தில் எலும்புப் பாலம் உருவாகி, வலது காலில் அந்த முனையின் வளர்ச்சி நின்றுவிட்டது. இடது கால் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதல் மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. இப்படிப்பட்ட காலை எத்தனை முறை இழுத்தாலும் தகடு உயிர்பெறாது.

அப்படியானால் எங்கள் கண்ணெதிரே குதிகால்கள் சமமானது எப்படி என்று கேட்டேன். என்னையே மேசையில் செருப்போடு படுக்கச் சொன்னார். என் குதிகால்களைப் பிடித்து, தெரியாதபடி ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தார். என் இடது செருப்பு அரை அங்குலம் நீண்டு நின்றது. இடுப்பைத் தொட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்த்தார், சமமானது. ஒரு ஷூவைக் குதியிலிருந்து சற்று வெளியே இழுத்தாலும், ஒரு காலை இடுப்பை நோக்கி மேலே தள்ளினாலும் அதே காட்சி கிடைக்கும் என்றார். எனக்கு இரண்டு கால்களும் சரியாகத்தான் இருக்கின்றன. என் காலிலேயே அந்த வித்தையைப் பார்த்தபோது கோபத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

பதினொன்றரை வயதில், வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தபோதே படம் எடுத்திருந்தால் இரண்டு வழிகள் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். பாலம் சிறியதாக, தகட்டின் பாதிப் பரப்புக்குள் இருந்து, இரண்டாண்டுக்கு மேல் வளர்ச்சி மிச்சமிருந்தால், பாலத்தை மட்டும் அகற்றித் தகட்டை மறுபடி வளரவிட முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் நல்ல காலில் அதே இடத்துத் தகட்டைச் சிறு அறுவை சிகிச்சையால் நிறுத்திவிடலாம். வேறுபாடு கிட்டத்தட்ட அந்த ஒரு சென்டிமீட்டரோடு நின்றிருக்கும். இந்தச் சிகிச்சையை ஃபெமிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1933-இலேயே விவரித்துவிட்டார். ஆனால் வளர்ச்சி முடிந்த பிறகு அதைச் செய்து பயன் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதிலும் கால் எலும்பின் வளர்ச்சி முடிந்துவிடும் என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகும் என்பதால்தான் மணிக்கட்டுப் படம்.

எங்களுக்கு மிச்சமிருந்தது ஓராண்டுக்கும் குறைவு. இடது காலின் தகட்டை உடனே நிறுத்தினார்கள். வேறுபாடு மேலும் கூடாமல் இரண்டரை சென்டிமீட்டரில் நின்றது. நடுவில் கூடிப்போன அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு, வலது ஷூவின் அடியில் வெளிப்புறமாகத் தட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஷூவுக்குள் ஒரு சென்டிமீட்டர் வரைதான் வைக்கலாம். அதற்கு மேல் போனால் குதி வெளியே நழுவும் என்பதால் அடிப்பாகத்தையே உயர்த்த வேண்டும். முழு வேறுபாட்டையும் ஈடுகட்டாமல் சற்றுக் குறைவாகவே வைத்தார்கள். முதலில் குறைவாக வைத்துப் பழக்கிப் பிறகு கூட்டினார்கள். அரசு மருத்துவமனைகளைச் சேர்ந்த செயற்கை அவயவப் பிரிவுகளில் இத்தகைய காலணிகள் செய்து தருகிறார்கள். மகள் நன்றாக நடக்கிறாள். பூப்பந்து ஆடுகிறாள். ஆனால் விசேஷ வீடுகளில் செருப்பைக் கழற்றும்போது ஒரு கணம் தயங்கி நிற்கிறாள். அந்தத் தயக்கத்துக்கு அந்த மையம்தான் பொறுப்பு.

இதைப் படித்துவிட்டுப் பிசியோதெரபியே ஏமாற்று என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எலும்பு இரண்டும் ஒரே நீளமாக இருந்தும் ஒரு கால் குட்டையாகத் தெரிவது உண்டு. இடுப்புத் தசை இறுக்கம், முட்டி முழுதாக நீளாமல் மடங்கியே இருப்பது, ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருப்பது, முதுகெலும்பு வளைவு, இப்படிப் பல காரணங்கள். தசை இறுக்கத்தால் வருவதை நல்ல பிசியோதெரபிஸ்ட் உடற்பயிற்சியால் பெரிதும் குறைத்துவிடுவார். என் மகளுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் முட்டியை மடக்கி நீட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான். அவர் முதல் நாளே எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே காலைத் தொட்டார். எலும்பு குட்டையா, தசை இறுகியிருக்கிறதா என்று பிரித்தறியாமல் சிகிச்சை தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். படம் எடுக்காதே என்று தடுப்பவரிடம் ஒரு நிமிடமும் உட்காராதீர்கள்.

முட்டி, கணுக்கால், இடுப்பு இவற்றின் அருகே முறிவு ஏற்பட்ட பிள்ளைகள், சிறுவயதில் மூட்டிலோ எலும்பிலோ சீழ் பிடித்தவர்கள், பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். நடுத்தொடை முறிந்த குழந்தைகளுக்கு நேர்மாறாக, முறிந்த கால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அதிகமாக வளர்வதும் உண்டு. எதுவானாலும், கட்டுப் பிரித்ததோடு முடிந்தது என்று யார் சொன்னாலும், வளர்ச்சி முடியும் வரை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கட்டும்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீது, துண்டறிக்கை, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எங்கள் ரசீதில் ‘டாக்டர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் எங்கேயும் இல்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். மருந்தால் உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. எண்ணெய் பற்றிய அந்த ஒரு வரிக்காகத் துண்டறிக்கையின் அசலையே மனுவோடு இணைத்திருக்கிறோம்.

அதே துண்டறிக்கை, மண்டபத்தின் பெயர் மட்டும் மாறி, காலாண்டு விடுமுறைக்கு என்று இப்போது பக்கத்து ஊர்ப் பஸ் நிலையத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே போக நினைத்திருந்தால், அந்த நாளில் பிள்ளையை அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு அழைத்துப் போய், நின்ற நிலையில் ஒரு முழுக்கால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.