மிரட்டிப் பணம் பறித்தலா, தற்கொலைக்குத் தூண்டுதலா?

அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான். தாங்க முடியாமல் அந்தப் பெண் உயிரை விடுகிறாள். இந்தியச் சட்டப்படி அவன்மேல் எந்தக் குற்றம் நிற்கும்?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 308 மிரட்டிப் பணம் பறிப்பதற்கானது. 7 ஆண்டு வரை சிறை. பணம் கைமாறியதற்கு வங்கிக் கணக்கும், மிரட்டியதற்கு வாட்ஸ்அப் செய்தியும் இருந்தால் நிரூபிப்பது ஓரளவு எளிது. ஆனால் அவன் கேட்டது பணமோ பொருளோ இல்லை என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது; குற்றமுறு மிரட்டல் போன்ற வேறு பிரிவுகளைத் தேட வேண்டும்.

பிரிவு 108 தற்கொலைக்குத் தூண்டுதல். 10 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சிக்கல் இங்கேதான். மிரட்டினான், அவள் இறந்தாள் என்பது மட்டும் போதாது. கோபத்தில் வாய்தவறி வந்த சொல் தூண்டுதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே ரமேஷ் குமார் வழக்கில் சொன்னது. சாவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்குத் தொடர்ந்து தள்ளியிருந்தால், அதைத் தூண்டுதலாகக் கொள்ளலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. நாள்கணக்கில் தொடரும் மிரட்டல் இந்த இரண்டாவது வகை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? இல்லை. இரண்டையும் சேர்த்தே பதியலாம். தூண்டுதல் நிற்காவிட்டாலும் பறித்த குற்றம் நிற்கும். இறந்தவர் எழுதிவைத்த கடிதமும் சாட்சியமாகும். அதனால் குடும்பத்தார் அவருடைய போனில் எதையும் அழிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

இப்போது மிரட்டலில் சிக்கியிருப்பவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கலாம். மனம் உடைந்திருந்தால் மனநல உதவி எண்ணான 14416-இல் பேசுங்கள்.